இலையுதிர் காலத்தில் காட்டு வான்கோழிச் சேவல்: நடத்தையை அறிவதும் வேட்டையாடுவதும் – ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வான்கோழி வேட்டை என்றால் பெரும்பாலானோர் வசந்த காலத்தையே நினைக்கின்றனர். ஏப்ரலிலும் மே மாதத்திலும் சேவல் விடியலுக்கு முன்னரே மரக்கிளையிலிருந்து முழங்கித் தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். பெட்டையின் குரலை ஒத்த ஓர் ஒலியைக் கேட்டால் வாலை விசிறியாக விரித்து, நெஞ்சை உப்பிக்கொண்டு தேடி வரவும் வரும். அக்டோபர் மாதத்தில் அதே மலையில் அதே சேவலுக்கு அதே குரலைக் கொடுத்தால் அது தலையைக்கூடத் திருப்பாது. இணைசேரும் பருவம் முடிந்து மாதங்கள் கடந்துவிட்டன. உடலில் அந்த உந்துதலே இல்லை. இப்போது அதை அசைப்பவை இரண்டுதான்: ஒன்று வயிறு, மற்றொன்று தன்னோடு திரியும் பிற சேவல்களிடையே தனக்குள்ள இடம். இலையுதிர் கால வேட்டையில் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை அனைத்தும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன. வசந்த கால வேட்டையில் கைதேர்ந்த பலர் அக்டோபரில் வெறுங்கையோடு திரும்புவதற்கும் இதை மறப்பதே காரணம்.

இங்கே கூறப்படுபவை பெரும்பாலும் அப்பலாச்சிய மலைத்தொடரை ஒட்டிய நியூயார்க், பென்சில்வேனியா, வர்ஜீனியா மாநிலங்களின் ஓக் காடுகளுக்கும், அங்கே வாழும் கிழக்கத்திய வகை வான்கோழிக்கும் பொருந்துவன. புளோரிடாவின் ஆசியோலா, டெக்சாஸ் பக்கத்து ரியோ கிராண்ட், மேற்கு மலைகளின் மெரியம், அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையோரத்தில் சிறிதளவே காணப்படும் கூல்ட் ஆகிய பிற வகைகளின் அடிப்படைக் குணம் ஒன்றே என்றாலும், அவை வாழும் நிலமும் உண்ணும் உணவும் வேறு.

முதலில் சட்டம்

வான்கோழி வலசை போகும் பறவை அன்று. ஆகவே வாத்து வேட்டையைப் போல நாடு முழுவதற்குமான கூட்டாட்சி விதிகள் இதற்கு இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் விதிகளைத் தானே வகுக்கிறது. ஒரே மாநிலத்துக்குள்ளும் வட்டாரத்துக்கு வட்டாரம் பருவத்தின் நீளம் மாறும். நியூயார்க் மாநிலம் 2015-இல் தன் இலையுதிர் காலப் பருவத்தை வட்டாரம் ஒன்றுக்கு இரண்டு வாரமாகச் சுருக்கி, ஒருவருக்கு ஒரு பறவை என வரையறுத்தது. பென்சில்வேனியாவில் வனவிலங்கு மேலாண்மை வட்டாரங்களாகப் பிரித்துச் சிலவற்றில் சில வாரங்களும், சிலவற்றில் சில நாட்களும் அனுமதித்து, சிலவற்றை முழுதாக மூடி வைக்கின்றனர். கான்சாஸ் 2023-இல் இலையுதிர் கால வேட்டையையே நிறுத்தியது. சென்ற ஆண்டின் விதிப் புத்தகத்தை நம்பிக் காட்டுக்குள் செல்வது அபராதத்தைத் தேடிப் போவதற்குச் சமம்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. காடழிப்பாலும் வரம்பற்ற வேட்டையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பறவை பல மாநிலங்களில் அற்றே போயிருந்தது. துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மீது வரி விதித்து அந்தப் பணத்தை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கிய 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டமும், வெடிவிசையால் வலை வீசிக் காட்டுப் பறவைகளை உயிரோடு பிடித்து வேறிடத்தில் விடும் முறையும் சேர்ந்தே அதை மீட்டன. தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு 1973-இல் தொடங்கப்பட்டபோது சுமார் 13 லட்சமாக இருந்த எண்ணிக்கை பின்னர் அறுபது லட்சத்தைத் தாண்டியது. அண்மைக் காலத்தில் பல மாநிலங்களில் அது மீண்டும் குறைந்து வருகிறது. இலையுதிர் காலத்தில் பல மாநிலங்கள் பெட்டையையும் சுட அனுமதிக்கின்றன. ஆயினும் அடுத்த ஆண்டின் குஞ்சுகள் பெட்டைகளை நம்பியே இருப்பதால், முதிர்ந்த சேவலை மட்டும் தேடுவது கடினமாக இருந்தாலும் கூட்டத்துக்குக் குறைந்த சேதத்தைத் தரும் வழி என்பது என் கருத்து.

தமிழ் வாசகர்களுக்குத் தனியே ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு அதே சட்டத்தில் விலக்கு உண்டு. எனினும் மாநிலச் சட்டங்கள் கூடுதலாகக் கட்டுப்படுத்தக்கூடும் என்பதாலும், இதில் நேரும் பிழை விசாவையே பாதிக்கும் என்பதாலும், நண்பர் சொன்னார் என்று துப்பாக்கியைக் கையில் எடுக்காமல் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வதே அறிவுடைமை. உரிமம் பெறுவதற்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். சான்றிதழ் கையில் இல்லாமல் பெரும்பாலான மாநிலங்களில் முதல் உரிமம் கிடைக்காது.

எது முதிர்ந்த சேவல்?

வான்கோழி என்றதும் மயிலைப் பார்த்து ஆடிய கதைதான் நம்மவர் நினைவுக்கு வரும். அந்த ஏளனத்தைக் காட்டுப் பறவை சில நிமிடங்களில் மாற்றிவிடும். நெஞ்சு இறகுகள் கருமுனையோடு செம்பும் பச்சையும் கலந்து மின்னினால் அது சேவல்; முனை வெளிர்பழுப்பாக இருந்தால் பெட்டை. சேவலின் நெஞ்சிலிருந்து குதிரைமயிரைப் போலத் தொங்கும் கற்றையைத் தாடி என்பர். அது மயிர் அன்று, உருமாறிய இறகு. ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை வளரும். ஆனால் நடக்கும்போதும் மேயும்போதும் தரையில் உரசித் தேய்வதால் பத்து அங்குலத்தைச் சுற்றியே நின்றுவிடும். சில பெட்டைகளுக்கும் மெல்லிய தாடி இருப்பதால் அதை மட்டும் பார்த்துச் சுடுவது தவறு.

அந்த ஆண்டில் பிறந்த இளஞ்சேவலுக்கு அக்டோபரில் தாடி வெளியே தெரிவதே அரிது. காலின் பின்புறத்தில் வளரும் குதிமுள் ஒரு சிறு மொட்டாக மட்டுமே இருக்கும். இரண்டு வயதுச் சேவலின் முள் ஓர் அங்குலத்தை எட்டாது. மூன்று வயதில் அங்குலத்தை நெருங்கிக் கூர்மையாகும். நான்கு வயதைக் கடந்ததில் அங்குலத்துக்கு மேல் வளர்ந்து கொக்கியாக வளைந்திருக்கும். வயதைச் சொல்வதில் தாடியைவிட முள்ளே நம்பத்தக்கது, தூரத்திலிருந்து அதைக் காண முடியாது என்பது வேறு விஷயம். விரித்த வாலில் நடு இறகுகள் மட்டும் நீண்டு துருத்தினால் இளஞ்சேவல், விளிம்பு ஒரே வளைவாக அமைந்தால் முதிர்ந்தது என்பது இன்னொரு குறிப்பு. ஆனால் இந்தப் பருவத்தில் சேவல் வாலை விரிப்பது குறைவு. ஆகவே தொலைநோக்கியில் பார்க்கும்போது நான் உடலின் பருமனையும், தலையின் பெரிய அளவையும், அருகில் நிற்கும் பறவையோடு ஒப்பிட்ட உயரத்தையுமே முதலில் பார்க்கிறேன். முதிர்ந்த சேவல் பொதுவாக 16 முதல் 24 பவுண்டு வரை இருக்கும். பெட்டை அதில் பாதி.

கூட்டங்கள் பிரியும் விதம்

இலையுதிர் காலத்தில் காட்டில் ஒரே வகையான கூட்டம் இருப்பதில்லை. தாய்ப் பெட்டைகளும் அவ்வாண்டுக் குஞ்சுகளும் சேர்ந்த பெருங்கூட்டம் ஒன்று. சில இடங்களில் மூன்று நான்கு குடும்பங்கள் இணைந்து முப்பது நாற்பது பறவைகளாகத் திரியும். குஞ்சு பொரிக்காத பெட்டைகள் தனிச் சிறு குழுவாக இருக்கும். இளஞ்சேவல்கள் பருவத்தின் பிற்பகுதியில் தாயைவிட்டுப் பிரிந்து, தமக்குள் சண்டையிட்டு யார் பெரியவர் என்று முடிவு செய்துகொண்டு ஒன்றாகத் திரியும். நாம் தேடும் முதிர்ந்த சேவல்கள் இரண்டு முதல் எட்டு வரை கொண்ட குழுவாக, மற்றக் கூட்டங்களிலிருந்து விலகி வாழும். அவற்றில் பல ஒரே தாயின் பிள்ளைகளாகவே இருக்கும்.

இந்த ஆண் குழுவில் வரிசை உண்டு: எது முதலில் கொத்தும், எது வழிவிடும் என்பதெல்லாம் முடிவான ஒன்று. ஆனால் ஒரு சேவல் செத்தாலோ, வேறொன்று வந்து சேர்ந்தாலோ, அந்த வரிசை மீண்டும் தீர்க்கப்பட வேண்டும். ஒரு நவம்பர் காலையில், மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் இரு சேவல்கள் கழுத்தோடு கழுத்தைப் பின்னிக்கொண்டு கால் மணி நேரம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தலைகள் இரத்தச் சிவப்பாக மாறியிருந்தன. மற்ற மூன்றும் கழுத்தை நீட்டி, வட்டமாக நின்று, தெருச் சண்டையைப் பார்க்கும் கூட்டத்தைப் போலவே வேடிக்கை பார்த்தன. அந்த வேடிக்கை பார்க்கும் குணம் பின்னர் நமக்கு உதவும்.

உணவே வரைபடம்

பருவத்தின் தொடக்கத்தில், உறைபனி விழும் முன், வெட்டுக்கிளிகளுக்காகப் புல்வெளிகளுக்கு வரும் பறவைகள், பனி விழுந்தவுடன் காட்டுக்குள் மறைந்துவிடும். அங்கே அவற்றின் முதல் உணவு ஓக் கொட்டை. வெள்ளை ஓக் வகையின் கொட்டை ஒரே பருவத்தில் முதிர்ந்து விழும், துவர்ப்புக் குறைவு. சிவப்பு ஓக் வகை முதிர இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், துவர்ப்பு மிகுதி, ஆனால் வசந்தம் வரை தரையில் கெடாமல் கிடக்கும். பீச் (beech) என்னும் காட்டு மரத்தின் கொட்டையும் காட்டுத் திராட்சையும் டாக்வுட் பழமும் அடுத்து வரும். ஓக் கொட்டையை வான்கோழி உடைப்பதில்லை; அப்படியே விழுங்கி இரைப்பையின் கற்களால் அரைத்துக்கொள்ளும்.

ஓக் மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. வேட்டையின் கடினம் இதைப் பொறுத்தே அமைகிறது. கொட்டை அமோகமாக விழுந்த ஆண்டில் உணவு எங்கும் கிடப்பதால் பறவைகள் காட்டைவிட்டு வெளியே வரவே வேண்டியதில்லை. சிதறிக் கிடக்கும், கண்டுபிடிப்பது கடினம், பிடிபடுவதும் குறையும். கொட்டை பொய்த்த ஆண்டில் அவை சில மைல்கள் கூட நகர்ந்து அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களிலும் க்ளோவர் என்னும் தீவனச் செடி வளரும் நிலங்களிலும் குவியும். ஆகவே துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே மலைமுகட்டு ஓக் மரங்களை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். கிளைகளில் காய் இருந்தால் காட்டுக்குள் நடக்கத் தயாராக வேண்டும். இல்லையெனில் வயல்களின் உரிமையாளர்களிடம் அனுமதி கேட்கத் தொடங்க வேண்டும்.

தடம் பார்த்தல்

குப்பையைக் கிளறும் கோழியை அறிந்தவருக்கு இந்தப் பாடம் எளிது. வான்கோழி உதிர்ந்த இலைகளைக் காலால் பின்னோக்கி வாரி எறியும். தரையில் முக்கோணமாக ஒரு திட்டுத் தெளிந்திருக்கும், எறியப்பட்ட இலைகள் ஒரு பக்கம் குவிந்திருக்கும். குவியல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்த்திசையில்தான் பறவை நகர்ந்துகொண்டிருந்தது. நூறு கிளறல்கள் ஒரே திசையைக் காட்டினால் கூட்டம் எங்கே சென்றது என்பது விளங்கிவிடும். வெளிப்பட்ட மண் ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் கிளறல் அன்றையது. மண் வெளுத்து அதன்மேல் புதிய இலைகள் விழுந்திருந்தால் பழையது. மான் குளம்பால் கிளறுவதும் உண்டு. அது ஆழமாக, ஒழுங்கின்றி இருக்கும்.

சேவலின் எச்சம் தூண்டில் முள்ளைப் போல ஒரு முனை வளைந்து நீண்டிருக்கும். பெட்டையின் எச்சம் சுருண்டு திரண்டிருக்கும். ஈர மண்ணில் பதிந்த கால் தடம் நான்கு அங்குலத்துக்கு மேல் நீண்டு, நடு விரல் பக்கத்து விரல்களைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் அது பெரும்பாலும் வளர்ந்த சேவலே. கூட்டத்தின் தடங்களைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், அவற்றில் சிறிய தடங்கள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கலந்திருந்தால் அது குஞ்சுக் கூட்டம். பெரிய தடங்கள் மட்டும், கிளறலும் அதிகப் பரப்பில் இல்லாமல், முகட்டை ஒட்டி ஓடினால் அங்கே நில்லுங்கள்.

நாளின் ஒழுங்கும் வானிலையும்

வான்கோழிக்கு இருளில் பார்வை இல்லை என்றே கொள்ளலாம். எனவே சூரியன் மறையும் நேரத்தில் உயர்ந்த மரத்தில் பறந்தேறி அடையும், விடிந்து வெளிச்சம் பரவியபின் இறங்கும். காலையில் மேயும், நண்பகலில் வெயில் விழும் சரிவில் இறகு கோதிக்கொண்டு ஓய்வெடுக்கும், பிற்பகலில் மீண்டும் மேய்ந்துகொண்டே அடையும் இடத்தை நோக்கித் திரும்பும். முந்தைய மாலையில் முகட்டில் அமைதியாக உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது பத்து மைல் நடப்பதைவிடப் பயன் தரும். கனத்த சிறகுகள் கிளைகளை அடித்துக்கொண்டு மேலேறும் ஓசை, துணி உதறுவதைப் போன்றது. ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். எத்தனை முறை கேட்டது என்று எண்ணிக்கொண்டு, இருட்டிய பின் சத்தமின்றி விலகிவிட வேண்டும். மரத்தில் அடைந்திருக்கும் பறவையைச் சுடுவது பல மாநிலங்களில் குற்றம். குற்றமில்லாத இடத்திலும் அது வேட்டை அன்று.

மழை பெய்தால் காட்டுக்குள் எல்லா இலையும் சொட்டும். எதிரியின் காலடி கேட்காது என்பதால் பறவைகள் வெளிகளுக்கு வந்து நிற்கும். காற்று பலமாக வீசும் நாளில் காற்று படாத பள்ளத்தாக்குகளில் தேட வேண்டும்.

குரல்கள்

வான்கோழியின் குரலை எழுப்பக் கடையில் விற்கும் கருவிகளின் அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் வசந்த காலத்துக்கானது. இலையுதிர் காலத்துக்கென்று பலரும் முதலில் கற்பது கீ-கீ எனப்படும் குஞ்சின் அழுகுரல். கூட்டத்திலிருந்து தவறிய இளம்பறவை எழுப்புவது. குஞ்சுக் கூட்டத்தைக் கலைத்தபின் அது அருமையாக வேலை செய்யும். முதிர்ந்த சேவலுக்கோ அந்த அழுகையில் அக்கறையே இல்லை.

சேவலை அழைக்கச் சேவலின் குரலே வேண்டும். யெல்ப் என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் தொடர் கூவலைப் பெட்டை விரைவாக, உயர்ந்த சுருதியில், ஆறேழு முறை எழுப்பும். சேவலோ தாழ்ந்த கரகரப்பில், நிதானமாக, பெரும்பாலும் மூன்று முறையோடு நிறுத்திக்கொள்ளும். கியாவ், கியாவ், கியாவ் என்று, ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சு விடும் அளவு இடைவெளி. க்ளக் என்னும் ஒற்றைத் தட்டொலியும் அவ்வாறே தாழ்ந்திருக்கும். கற்பலகையில் குச்சியை உரசும் கருவியில் பலகையின் நடுப்பகுதிக்கு அருகில் உரசினால் சுருதி தாழும். பெட்டிக் கருவியில் மூடியை மெதுவாக நீட்டி இழுக்க வேண்டும். வான்கோழியின் சிறகெலும்புகளையே இணைத்து உறிஞ்சி ஒலியெழுப்பும் கருவி அமெரிக்கப் பழங்குடியினர் காலத்தது. சேவல் யெல்ப்புக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. அதைப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும், வீட்டாரின் பொறுமையும் வேண்டும்.

மூன்றாவது, சண்டை உறுமல். இரு சேவல்கள் மோதும்போது எழும் தொடர்ந்த கரகரப்பை இரண்டு கருவிகளால் ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பி, தொப்பியைத் தொடையில் அடித்துச் சிறகடிப்பையும் சேர்த்தால், முன்னர் சொன்ன வேடிக்கை பார்க்கும் குணம் விழித்துக்கொள்ளும். புட் என்ற கூர்மையான ஒற்றை ஒலி மட்டும் உங்கள் கருவியிலிருந்து வரக்கூடாது; அது அபாய அறிவிப்பு. பறவையே அதை எழுப்பினால் உங்களைப் பார்த்துவிட்டது என்று பொருள்.

கலைத்து அழைத்தல்

இலையுதிர் கால வேட்டையின் பழைய முறை கூட்டத்தைக் கலைத்துவிட்டு, கலைந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஒன்றுசேர விழையும் பறவைகளை அழைப்பது. வர்ஜீனியாவில் இதற்கென்றே நாய்களைப் பழக்கும் மரபு உண்டு. நாய் கூட்டத்தைக் கண்டுபிடித்துக் குரைத்துக் கலைத்துவிட்டு, பின்னர் எஜமானரின் அருகில் அசையாமல் படுத்துக் கிடக்கும். பல மாநிலங்களில் நாய்க்கு அனுமதி இல்லை என்பதால் அங்கே நாமே ஓட வேண்டும். ஓடுவதற்கு முன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது.

கலைப்பது என்றால் நாலாபுறமும் சிதறடிப்பது. என் முதல் ஆண்டில் ஐந்து சேவல்களைக் கண்டு கத்திக்கொண்டு ஓடினேன்; ஐந்தும் சேர்ந்தே ஒரே திசையில் பள்ளத்தாக்கைக் கடந்து பறந்து, எதிர் மலையில் ஒன்றாகவே இறங்கின. ஒன்றையொன்று இழக்காத பறவைகள் ஒன்றையொன்று தேடாது; அன்று மாலை வரை நான் எழுப்பிய குரல்களை அணில்கள் மட்டுமே கேட்டன. மேட்டின் மறைவில் முடிந்தவரை நெருங்கிச் சென்று, கூட்டத்தின் நடுவே புகுந்தால்தான் அவை வெவ்வேறு திசைகளில் பறக்கும்.

குஞ்சுக் கூட்டம் அரைமணி நேரத்திலேயே கூவத் தொடங்கும். சேவல்களுக்கு அந்த அவசரம் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் மரத்திலோ புதரிலோ ஓசையின்றி நின்றுவிட்டு, அடுத்த நாள் காலையில் ஒன்றுசேர்வதும் உண்டு. ஆகவே மாலையில் கலைத்தால் மறுநாள் இருள் பிரியும் முன்னரே அதே இடத்துக்கு வந்துவிட வேண்டும். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முழங்காலில் துப்பாக்கியைத் தாங்கி, ஒரு மணி நேரம் வாயே திறக்காதீர்கள். பிறகு ஒரு க்ளக், சில நிமிடங்கள் கழித்து மூன்று யெல்ப். அதன்பின் இருபது நிமிட மௌனம். பதில் குரல் வந்தால் அதே எண்ணிக்கையில், அதே நிதானத்தில் திருப்பிச் சொல்லுங்கள், கூடுதலாக ஒன்றும் வேண்டாம். பல நேரங்களில் பதிலே வராது. காய்ந்த இலையில் மனிதன் நடப்பதைப் போன்ற காலடி மட்டும் கேட்கும், அதுவே சேவல்.

காத்திருத்தல்

கலைக்க வழியில்லாதபோது, அடையும் மரத்துக்கும் மேயும் இடத்துக்கும் இடைப்பட்ட வழியில் காத்திருக்கலாம். ஓட்டமும் கூச்சலும் இல்லாத இம்முறை முழுவதும் தடம் பார்த்ததன் துல்லியத்தைப் பொறுத்தது. சேவல் குழு தன் பாதையைச் சில நாட்கள் மாற்றாது. இரண்டு நாள் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் உட்காருவது சிறந்தது. கூண்டு போன்ற மறைப்புக் கூடாரம் வில் வேட்டைக்கு ஏற்றது, ஏனெனில் வில்லை இழுக்கும் அசைவை வேறெதுவும் மறைக்காது. உணவு தூவிக் கவர்வதும், பதிவுசெய்த ஒலியை இசைப்பதும் பெரும்பாலான மாநிலங்களில் தடைசெய்யப்பட்டவை.

இப்பறவையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், கழுத்தைச் சற்றுத் திருப்பினாலே அதற்குச் சுற்றுப்புறம் முழுதும் தெரியும். நிறமும் நன்றாகத் தெரியும். மோப்பம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல, அசைவுதான் எல்லாம். முகமூடியும் கையுறையும் அணியுங்கள். அதன் தலை மரத்தின் பின்னே மறையும் கணத்தில் மட்டும் துப்பாக்கியை நகர்த்துங்கள்.

சுடுதல்

12 அல்லது 20 கேஜ் (குழாயின் உள்ளளவைக் குறிக்கும் எண்) ஷாட்கன் போதும். நம் ஊரில் பால்ரஸ் என்று சொல்லும் சிறு குண்டுகளில் 4, 5, 6 எண்கள் ஈயத்துக்கு வழக்கமானவை. குழாயின் முனையை இறுக்கும் ஃபுல் சோக் பொருத்தி, தலை-கழுத்து படம் வரைந்த தாளில் 20, 30, 40 கஜ தூரங்களில் சுட்டுப் பார்த்து, எத்தனை குண்டுகள் கழுத்தில் விழுகின்றன என்று எண்ணுங்கள். எந்தத் தூரத்தில் அவை சிதறுகின்றனவோ அதற்குக் குறைவானதே உங்கள் எல்லை. பெரும்பாலானோருக்கு அது 40 கஜம். உட்கார்ந்தவுடன் அந்தத் தூரத்தில் உள்ள ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டால் பிறகு ஐயம் வராது. குறி, இறகு முடிந்து வெறும் தோல் தொடங்கும் கழுத்தடி. சேவல் கழுத்தை நிமிர்த்தி நிற்கும்போதே சுட வேண்டும். உடலில் சுட்டால் தடித்த இறகும் நெஞ்சுச் சதையும் குண்டுகளைத் தாங்கிக்கொள்ள, காயத்தோடு ஓடி மறையும். குழுவாக வரும்போது பின்னால் மற்றொன்று நின்றால் பொறுத்திருங்கள். ஒரு தோட்டாவில் இரண்டு விழுந்தால் சட்டம் உங்கள் விளக்கத்தைக் கேட்காது.

வான்கோழி வேட்டையில் நேரும் விபத்துகளில் பல, வேட்டைக்காரரையே பறவை என்று எண்ணிச் சுட்டவை. சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகியவற்றில் கைக்குட்டைகூட உடலில் இருக்கக்கூடாது. நடக்கும்போது ஒளிர் ஆரஞ்சு நிறத் தொப்பி அணியுங்கள். குரல் கேட்ட இடத்தை நோக்கிப் பதுங்கிச் செல்லாதீர்கள். அங்கே இருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். யாராவது உங்களை நோக்கி வந்தால் கையசைக்காமல், அசையாது இருந்தபடியே உரத்த குரலில் பேசுங்கள். திரும்பி வந்ததும் உண்ணிகளைத் தேடுவதையும் மறக்க வேண்டாம். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாகவே இருக்கும்.

விழுந்த பின்

முதலில் உரிமத்தோடு வந்த அடையாளச் சீட்டை நிரப்பிப் பறவையில் கட்டுங்கள். நியூயார்க்கில் ஏழு நாட்களுக்குள் அறிவிக்கவும் வேண்டும். வெளியே தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றுங்கள், தோளில் தொங்கும் சேவலை உயிருள்ளது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

அளவு பார்க்க விரும்புவோர்க்குத் தேசியக் கூட்டமைப்பின் கணக்கு எளிது: எடையைப் பவுண்டில் எடுத்து, தாடியின் நீளத்தை இரண்டால் பெருக்கிச் சேர்த்து, இரு முட்களின் நீளத்தையும் கூட்டிப் பத்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 20 பவுண்டு எடை, 10 அங்குலத் தாடி, ஒவ்வொன்றும் 1.125 அங்குல முட்கள் என்றால் 20, 20, 22.5 சேர்ந்து 62.5. முள்ளுக்கு எத்தனை மதிப்பு என்பதைக் கவனியுங்கள். வயது முதிர்ந்த பறவையே உயர்ந்த எண்ணைப் பெறும். தாடியைச் சிறிது தோலோடு அறுத்து, வால் விசிறியைச் சதை நீக்கி அட்டையில் விரித்து ஊசி குத்தி, இரண்டிலும் போராக்ஸ் தூவி மூன்று வாரம் உலர விட்டால் பல்லாண்டு இருக்கும்.

குடலை நீக்கும்போது கழுத்தடியில் உள்ள தீனிப்பையைக் கீறிப் பாருங்கள். நான் கடைசியாகத் திறந்ததில் முழு ஓக் கொட்டைகள் இருபத்திரண்டும், தோல் சுருங்கிய காட்டுத் திராட்சைகளும், குளிரில் விறைத்த ஒரு வெட்டுக்கிளியும் இருந்தன. நான்கு நாட்களாக நான் காவல் காத்த சோள வயலின் ஒரு மணி கூட இல்லை. நெஞ்சுக்கறியை மெல்லிய துண்டுகளாக்கி மிளகு வறுவலாகச் செய்யலாம். கால் அப்படி வேகாது, நரம்பு கம்பியைப் போல இருக்கும். குக்கரில் சின்ன வெங்காயம் சேர்த்து முக்கால் மணி நேரம் வேகவைத்து, எலும்பிலிருந்து பிரித்தெடுத்துக் குழம்பில் இடுங்கள், தட்டில் வைக்கும் முன் குண்டுகள் ஏதேனும் கறியில் தங்கியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு.